சோதித்தவரைச் சோதிப்பது யார்? வண்ணக்கர் முதல் நெகிழி உறை வரை

2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை அறிவிப்பை வெளியிட்டது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கவும் விற்கவும் உதவுவதாகக் கூறி, வங்கியின் பெயரையும் இலச்சினையையும் காட்டி, இணையத்தின் வழியே பொதுமக்களிடம் கட்டணமும் தரகும் வரியும் கேட்போர் பெருகிவிட்டனர். ரிசர்வ் வங்கி இத்தகைய செயல்களில் ஈடுபடுவதில்லை. தன் சார்பில் பணம் பெற எவருக்கும் அதிகாரம் அளிக்கவுமில்லை. இதுவே அவ்வறிவிப்பின் சாரம்.

இந்த மோசடியில் ஏமாற்றுபவர் போலிக் காசை விற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காசு ஏமாறுபவரிடமே இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையான காசு. விற்கப்படுவது சான்று மட்டுமே. தென்னிந்தியாவில் பலரும் கேள்விப்பட்ட 'ரைஸ் புல்லிங்' கலச மோசடியும் இதே அமைப்புடையது. இடி விழுந்த செம்பு, இரிடியம் கலந்தது, அரிசியை ஈர்க்கும், வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் கோடிகளுக்கு வாங்கும் என்று கதை வளரும். ஆனால் பணம் கைமாறுவது கலசத்துக்காக அன்று. அதை 'ஆய்வகத்தில்' சோதிப்பதற்கான கட்டணமாக. 2018இல் தில்லிக் காவல்துறை இத்தகைய வழக்கொன்றில் ஒரு தந்தையையும் மகனையும் கைது செய்தது. ஒரு தொழில்முனைவோர் இழந்ததாகச் சொல்லப்பட்ட தொகை 1.43 கோடி ரூபாய்.

இவ்வாறு ஏமாறுபவர்களைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது, சரியன்று. பழங்காசு சேகரிப்பவருக்குச் சோதிப்பவர் ஒருவர் உண்மையிலேயே தேவை. காசை ஒளிப்படத்தில் மட்டும் பார்த்து வாங்கும் இக்காலத்தில் அத்தேவை கூடியிருக்கிறது. புதிய சான்றளிப்புச் சேவை ஒன்று தானே தேடிவந்து உதவுவதாகச் சொல்லும்போது, அதை எதைக்கொண்டு அளப்பது? இக்கேள்விக்கு இந்திய நாணய வரலாற்றில் நீண்ட பதில் உண்டு.

இந்தியாவின் மிகப் பழைய காசுகளான வெள்ளி முத்திரைக் காசுகளின் ஒரு பக்கத்தில் சூரியன், மலை, மரம் போன்ற குறிகள் பெரிதாகக் குத்தப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் மிகச் சிறிய குறிகள் பல ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். காசு கைமாறிய இடங்களில் அதைச் சோதித்த வணிகர்கள் இட்ட அடையாளங்களே அவை என்று நாணயவியலாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், சான்று காசின் உடலிலேயே எழுதப்பட்டது. அடுத்துப் பெறுபவர் அதைக் கண்ணால் காணலாம்.

அர்த்தசாத்திரம் 'ரூபதர்சகன்' என்னும் அதிகாரியைக் குறிப்பிடுகிறது. காசைப் பார்த்து மதிப்பிடுபவன் என்பது பொருள். அவன் வழியே வரும் வசூல்களில் நூற்றுக்கு எட்டு ஒன்று, நூற்றுக்கு ஐந்து மற்றொன்று. சோதனைக்கான 'பரீட்சிகம்' மட்டும் நூற்றில் எட்டில் ஒரு பங்குதான். கட்டணம் குறைவு, அதுவும் முன்னரே வகுக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது தண்ட விதி. செல்லக்கூடிய பணத்தைச் செல்லாதெனக் கலக்கினாலும், செல்லாததைச் செல்லுமென விட்டுவிட்டாலும் பன்னிரண்டு பணம் தண்டம். இருபுறத் தவற்றுக்கும் ஒரே தண்டம் என்பது நுட்பமான ஏற்பாடு. எதையும் ஐயுற்று ஒதுக்கிவிடும் சோதகன் பாதுகாப்பானவன் என்று தோன்றும். ஆனால் நல்ல காசை மறுப்பதும் ஒருவருக்கு இழப்பே. இந்நூலின் விதிகள் எங்கே, எவ்வளவு காலம் நடைமுறையில் இருந்தன என்பது வேறு விவாதம். சோதிப்பவனின் பிழைக்கும் விலை வேண்டும் என்று அதை எழுதியவர் எண்ணியிருக்கிறார். இங்கு அது போதும்.

தமிழில் இத்தொழிலுக்கு 'வண்ணக்கன்' என்று பெயர். வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனச் சங்கப் புலவர் பெயர்களிலேயே அது நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் 'நோட்டக்காரர்' என்றனர். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'அன்றாடு நற்காசு' என்ற தொடரில் 'நல்' என்ற அடையைச் சும்மா இட்டிருக்கமாட்டார்கள். நல்லதல்லாத காசும் புழங்கியதற்கு அதுவே சாட்சி. 'நாணயம்' என்ற சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே சுட்டுவது இந்த அனுபவத்திலிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

சோதிப்பவரே வணிகராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளம் எடுத்துக்காட்டு. அங்கே புதிதாக அச்சான 'சிக்கா' ரூபாய்க்கு முழு மதிப்பு. அதில் அரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டு கடந்ததும் அதே ரூபாய்க்கு 'பட்டா' என்ற தள்ளுபடி தொடங்கிவிடும். மூன்றாம் ஆண்டுக்குள் அது 'சனவாத்' ரூபாயாகி நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைந்துவிடும். வெள்ளி அப்படியே இருக்கும். எடையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாறியது ஆண்டு எண் மட்டுமே. ஒரு ரூபாய் எந்த அக்கசாலையினது, எந்த ஆண்டினது, எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு கழிக்கவேண்டும் என்பதைச் சொல்பவர் சராப். குறைத்து மதிப்பிட்டு வாங்குபவரும் அவரே. புதிதாக அச்சடிக்கக் கொண்டுசெல்பவரும் அவரே. அத்தொழிலின் உச்சியில் முர்சிதாபாத்தின் ஜகத் சேத் குடும்பம் இருந்தது. நவாபின் அக்கசாலையில் அவர்களுக்கு இருந்த பிடியும், பழைய ரூபாய்களைத் திரட்டி மறுபடி அச்சடிப்பதில் கிடைத்த ஆதாயமும் அவர்களின் பெருஞ்செல்வத்துக்கு ஓர் ஊற்று. விளைச்சலை விற்றுக் கையில் பழைய ரூபாயோடு வரி கட்ட வந்த குடியானவருக்கு இந்தக் கணக்கில் எதுவும் புலப்பட்டிருக்காது. சராப்புகள் எல்லோரும் வஞ்சகர் என்பதன்று இதன் பொருள். அவர்கள் இன்றிப் பல அக்கசாலைகளின் காசுகள் கலந்து புழங்கிய சந்தை ஒரு நாளும் நடந்திராது. அறிவு அவர்களிடம் உண்மையாகவே இருந்தது. அதைச் சரிபார்க்கும் வழி மற்றவரிடம் இல்லை.

1793இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதற்கொரு விசித்திரமான தீர்வு கண்டது. ஷா ஆலமின் ஆட்சியில் 19ஆம் ஆண்டு எப்போதோ முடிந்திருந்தது. ஆயினும் வங்காளத்தின் எல்லா ரூபாயிலும் அந்த 19ஐயே பொறிக்கலாயிற்று. ஆண்டே தெரியாவிட்டால் ஆண்டைச் சொல்லித் தள்ளுபடி கேட்க முடியாதல்லவா! 1835இல் பொது ரூபாய் வரும்வரை காலம் அந்த 19லேயே நின்றது. சராப்பின் பிடி தளர்ந்தது. ஆனால் காசில் பொறித்த ஆண்டு பொய்யாகிவிட்டது. எனவே இன்றைய சேகரிப்பாளர் '19 சன்' ரூபாயின் காலத்தை முகத்தில் தேடுவதில்லை. விளிம்பில் உள்ள வரிகள் சாய்ந்திருக்கின்றனவா, நேராக உள்ளனவா, விளிம்பு வெறுமையாக உள்ளதா என்று பார்க்கிறார். இச்செய்தி பின்னர் தேவைப்படும்.

அந்நாளில் காசி, கல்கத்தா அக்கசாலைகளில் உலோகச் சோதனை அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். பழங்காசுகள்மீது அவருக்கு இருந்த ஈடுபாடு பிராமி, கரோஷ்டி எழுத்துகளைப் படிக்க வழிவகுத்தது. தாம் ஆராய்ந்த காசுகளின் வரைபடங்களை ஆசியக் கழகத்தின் இதழில் அச்சிட்டு, பிறரும் அவற்றைப் பார்த்து மறுக்கவும் திருத்தவும் இடம் தந்தார். அவருடைய முடிவுகளில் சில பின்னர் திருத்தப்பட்டன. திருத்த முடிந்ததே அந்த முறையின் பெருமை. 1910இல் அலகாபாத்தில் தொடங்கிய இந்திய நாணயவியல் கழகத்தினரும் இவ்வழியிலேயே சென்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் சிக்கல் புது வடிவம் கொண்டது. 1939 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மிக அரிது. ஆகவே வேறு ஆண்டு ரூபாயில் எண்ணைத் திருத்தி அதை உருவாக்குகின்றனர். கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று பொறித்து இராமரையும் அனுமனையும் காட்டும் செம்பு வில்லைகள் சந்தைதோறும் கிடைக்கும். கம்பெனி அவ்வாறு எதையும் வெளியிட்டதில்லை. இவற்றைவிடக் கடினமானது மற்றொன்று. கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகளே சேகரிப்பாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பழைய அச்சுகளைக் கொண்டு 1970 வரை மறு அச்சுகளைத் தயாரித்தளித்தன. அக்கசாலை உண்மை, தேதியின் காலம் உண்மையன்று. 'அசல்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடியும் சான்று இங்கே எதையும் சொன்னதாகாது.

இன்று இணையத்தில் காணும் 70 புள்ளித் தரவரிசை 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் செம்பு சென்ட் காசுகளுக்காக வகுத்தது. அது முதலில் விலைக் கணக்கு: 70 பெற்ற காசு, 1 பெற்றதைவிட எழுபது மடங்கு பெறும் என்பது கருத்து. அந்த விலை விகிதம் விரைவில் பொய்த்தது. எண்கள் மட்டும் நிலைத்தன. ஷெல்டன் 1977இல் இறந்த பின் வேறொன்று தெரியவந்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அவ்விடங்களில் தரம் குறைந்தவற்றை அவர் வைத்திருந்தார். பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டதால் அது வெளிப்பட்டது. கழகம் நீதிமன்றம் வரை சென்று காசுகளை மீட்டது. காட்டிக்கொடுத்தது நிபுணரின் புகழன்று, எவரோ எடுத்துவைத்த படம்.

1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் காசைத் தரமிட்டு நெகிழி உறையில் அடைத்துத் தரத் தொடங்கின. முன்னதை நிறுவியவர்கள் காசு வணிகர்கள். தன் தரமிடுவோர் காசு வணிகம் செய்வதில்லை என்பதைப் பின்னது தன் அடையாளமாக்கிக்கொண்டது. தவறு நேர்ந்தால் ஈடு தருவோம் என்ற உறுதி இரண்டிலும் உண்டு; அர்த்தசாத்திரத்தின் பன்னிரண்டு பணத்துக்கு அது தூரத்து உறவு. 1990இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், பி.சி.ஜி.எஸ். விளம்பரங்கள் தரமிடுதலின் புறநிலைத் தன்மையை மிகைப்படுத்துவதாக வழக்குத் தொடுத்து உடன்பாட்டில் முடித்தது. 2008 வாக்கில் உறைகளுக்கே போலிகள் வரலாயின. உறையின் எண்ணை இணையத்தில் இட்டால் உள்ளிருக்கும் காசின் படத்தைக் காட்டும் ஏற்பாடு இத்தகைய போலிகளை எதிர்கொள்ளவே பயன்படுகிறது. பெயரில்லாத புதிய சேவை தரும் உறைக்கு இந்தப் பின்புலம் எதுவும் கிடையாது. பார்வைக்கு மட்டும் அதே நெகிழி.

ஆகவே அழைப்பு வரும்போது காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் அழைத்தவரைப் பற்றிக் கேட்பதே முறை. சோதிப்பவர் பெயர் என்ன, அவர் காசு வாங்கி விற்பவரா, 'போலி' என்று முடிவானாலும் கட்டணம் அதேதானா, எவ்வாறு அம்முடிவுக்கு வந்தார் என்பதை எடை, விட்டம், படங்களுடன் எழுதித் தருவாரா, தவறினால் யார் ஈடு தருவார்? கட்டணம் காசின் மதிப்பில் ஒரு விழுக்காடாக இருந்தால், மதிப்பை உயர்த்திச் சொல்வதில் சோதகருக்கே ஆதாயம் உண்டு. '19 சன்' ரூபாயை அனுப்புபவர் இன்னொன்றும் கேட்கவேண்டும்: உறையிட்ட பின் விளிம்பு தெரியுமா? தெரியாவிட்டால் காசின் காலத்தைச் சொல்லும் ஒரே சான்றைக் காசு கொடுத்து மறைத்ததாகும்.

காசு எங்கே வைத்துச் சோதிக்கப்படும் என்பது சேகரிப்பாளர் பலர் கேட்கத் தவறும் கேள்வி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த காசும் தொல்பொருளே; தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பச் சட்டம் இடம் தருவதில்லை. தரமிட்டுத் திரும்பி வரும் என்ற வாக்குறுதி அஞ்சல் உறையின்மேல் எழுதப்படுவதில்லை. அனுப்புநர் என்ற இடத்தில் இருப்பது சேகரிப்பாளரின் பெயர். அந்த நூறாண்டு எல்லையும் ஆண்டுதோறும் நகர்கிறது. 1920களின் ஐந்தாம் ஜார்ஜ் கால் அணாக்கள் ஒவ்வொன்றாக அதற்குள் வந்துகொண்டிருக்கின்றன.