‘கிளீற்ஸ்’ என்றால் என்ன?

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, பாடசாலை உதைபந்தாட்ட அணித் தெரிவுக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் தந்தார்கள். கொண்டு வரவேண்டிய பொருட்களின் பட்டியலில் கடைசியாக இருந்தது ‘கிளீற்ஸ்’. அம்மா அந்தச் சொல்லில் விரலை வைத்து, “இது என்ன பிள்ளை?” என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது. “சப்பாத்துத்தான் அம்மா” என்றேன். “அது உன்னட்டை இருக்குத்தானே” என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

அடுத்த நாள் சாதாரண ஓட்டச் சப்பாத்தோடு போனேன். முதல்நாள் பெய்த மழையில் புல் நனைந்திருந்தது. பந்தைத் துரத்திக்கொண்டு திரும்பிய முதல் தடவையே விழுந்தேன். மூன்றாவது தடவை விழுந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். அணியில் என் பெயர் வரவில்லை. எனக்கு விளையாட்டு வராது என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு பொறியியல் படிக்கும்போது உராய்வு பற்றிய பாடத்தில்தான் யோசித்தேன்: அன்று குறை எனக்குள் மட்டும் இருந்ததா, என் சப்பாத்தின் அடியிலும் இருந்ததா?

அதனால் அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

‘கிளீற்’ பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். அதன் பழைய பொருள் ஆப்பு. தச்சர் இடுக்கில் அடித்து இறுக்குவாரே, அதே ஆப்புத்தான். பொருள் நழுவாமல் இருக்க மரத்தில் அறையும் சிறு கட்டைக்கும் இந்தப் பெயர் உண்டு. படகுத்துறைக்குப் போனால் இரண்டு கொம்பு வைத்த ஓர் இரும்புத் துண்டைப் பார்ப்பீர்கள். அதுவும் கிளீற்தான். படகின் கயிற்றை அந்தக் கொம்புகளில் எட்டு வடிவத்தில் மாறி மாறிச் சுற்றினால், உராய்வே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அவிழ்க்க வேண்டுமானால் சில விநாடிகள் போதும்.

பந்தயச் சைக்கிள் ஓடுபவர்களின் சப்பாத்துக்கு அடியிலும் கிளீற் இருக்கிறது. அது பெடலில் ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும். குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பனிச்சறுக்குக் கட்டைகளில் காலணியைப் பூட்டும் கருவிகளைச் செய்துவந்த ‘லுக்’ என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984 இல் இப்படியான பெடலை வெளியிட்டது. அடுத்த வருடமே பெர்னார் இனோ அதை மிதித்து ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தை வென்றார். புதிதாகப் பழகுபவர்கள் சிவப்பு விளக்கில் காலைக் கழற்ற மறந்து, நின்ற இடத்திலேயே சரிந்து விழுவதும் உண்டு.

ஆக, கிளீற்றின் வேலை ஒன்றுதான்: நழுவ விடாமல் பிடிப்பது. விளையாட்டுச் சப்பாத்தின் அடியில் இருக்கும் குமிழ்களும் அதையே செய்கின்றன. தட்டையான அடிப்பாகம் ஈரப்புல்லின் மேல் வழுக்கும். குமிழ்களோ உடல் எடையைச் சில புள்ளிகளில் குவித்து மண்ணுக்குள் இறங்கும். அப்போது கால் வழுக்க வேண்டுமானால் மண்ணையே கிழிக்க வேண்டும். பிரித்தானியாவில் இந்தக் குமிழ்களை ‘ஸ்டட்ஸ்’ என்றும் சப்பாத்தை ‘பூட்ஸ்’ என்றும் சொல்வார்கள். வட அமெரிக்காவில் சப்பாத்துக்கே ‘கிளீற்ஸ்’ என்று பெயர்.

1863 இல் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் முதல் விதிகளை எழுதியபோதே காலணிக்கும் ஒரு விதி இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, இரும்புத் தகடு, கட்டாபெர்ச்சா எதுவும் சப்பாத்தின் அடியில் இருக்கக்கூடாது. கட்டாபெர்ச்சா என்பது மலாயாப் பகுதி மரமொன்றின் பாலிலிருந்து எடுக்கும் கடினமான பொருள். எதிராளியின் காலைக் கிழித்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. பின்னர் வந்த விதிகள் அரை அங்குலத்துக்கு மேற்படாத குமிழ்களை அனுமதித்தன.

ஆனால் எல்லோரிடமும் சப்பாத்து இருக்கவில்லை. 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. ஆட்டம் நடந்த இடம், இன்று நம்மவர்கள் பலர் வாழும் இல்ஃபர்ட். இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டும், கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலால்தான் இந்தியா 2–1 என்று தோற்றது.

இங்கே ஒரு கதையைத் திருத்த வேண்டும். வெறுங்காலோடு ஆட ஃபீஃபா அனுமதிக்காததால்தான் இந்தியா 1950 உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியச் சங்கம் அன்று சொன்ன காரணங்கள் வேறு: அணித் தெரிவில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் போதாமை. அந்தக் காலத்தில் உலகக் கிண்ணத்தைவிட ஒலிம்பிக்தான் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. இந்தப் பழைய கதையில் ஒரு கேலி ஒளிந்திருக்கிறது. அதை யோசிக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

1951 இல் அதே நாட்டு அணி முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். பழக்கமில்லாத குளிரில், பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு இந்தியச் சங்கம் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது.

சப்பாத்து வைத்திருந்தவர்களுக்கும் அதன் அடிப்பாகம் முக்கியம் என்று 1954 காட்டியது. அந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டம் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில், கொட்டும் மழையில் நடந்தது. நான்கு வருடங்களாகத் தோற்காத ஹங்கேரி ஒரு பக்கம். அதே தொடரில் அவர்களிடம் 8–3 என்று தோற்ற மேற்கு ஜெர்மனி மறுபக்கம். அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் ஜெர்மன் வீரர்களுக்குக் கழற்றி மாட்டக்கூடிய திருகுக் குமிழ்கள் கொண்ட சப்பாத்துகளைக் கொடுத்திருந்தார். சேற்றுக்கு நீளமான குமிழ்களைத் திருகினார்கள். 0–2 என்று பின்தங்கிய ஜெர்மனி 3–2 என்று வென்றது. குமிழ்கள் மட்டுமே வென்றன என்று சொல்ல முடியாது. முந்தைய ஆட்டத்தில் ஜெர்மனி தன் முக்கிய வீரர்கள் பலரை இறக்கவில்லை. ஹங்கேரியின் புஸ்காஸ் காயத்தோடு ஆடினார். ஆனாலும் சேற்றில் நிற்க முடிவதும் நிற்க முடியாததும் ஒன்றல்ல.

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்திய அணி சப்பாத்தோடு இறங்கியது. அந்த அணியில் செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் இருந்தார். நெவில் டிசோசாவின் மூன்று கோல்களோடு ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று, அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடானது. அங்கே மீண்டும் யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியா. ஆட்டம் 4–1 என்று முடிந்தது. கடைசியில் நான்காம் இடம். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் உழைப்பும் இதற்குப் பெரிய காரணம். ஆனால் 10–1 இலிருந்து 4–1 வரையான அந்த நான்கு வருடங்களில், அவர்களுடைய கால்களுக்கு ஒரு பிடியும் கிடைத்திருந்தது.

என் கதைக்கு வருகிறேன். அந்தத் தெரிவு முடிந்த அடுத்த கிழமை, அப்பா பழைய பொருட்கள் விற்கும் கடையில் ஒரு சோடி கிளீற்ஸ் வாங்கி வந்தார். ஒரு அளவு பெரிது. முன்பக்கத்தில் கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டு பூங்காவில் ஓடினேன். அன்றும் நான் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிடவில்லை. ஆனால் திரும்பும்போது விழவில்லை.

உங்கள் அணித் தெரிவுக்கு யாராவது ஓட்டச் சப்பாத்தோடு வந்தால், அவர்கள் வீட்டிலும் ஓர் அம்மா அந்தச் சொல்லில் விரல் வைத்து “இது என்ன?” என்று கேட்டிருக்கலாம். உங்களுக்குச் சின்னதாகிப்போன சோடி வீட்டில் கிடக்கும். அதைத் துடைத்து அடுத்த பயிற்சிக்குக் கொண்டுபோங்கள்.