பசிக்குச் சான்று: பங்கீட்டு அட்டையின் வரலாறு

பசித்தவர்க்கு உணவளித்தல் அறம் என்பதில் நம்மவரிடையே கருத்து வேற்றுமை இருந்ததில்லை. மணிமேகலையின் அமுதசுரபி யாரிடமும் சான்று கேட்டதில்லை. ஆயினும் அறம் அரசின் பொறுப்பாக மாறும்போது ஒரு வினா உடன் எழுகிறது. உதவி பெறத் தக்கவர் இவர் என்பதை எவ்வாறு அறிவது? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இவ்வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன. அவ்விடைகளின் வரலாறே பங்கீட்டு அட்டையின் வரலாறாகும். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இது வெறும் பழங்கதை அன்று.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், உழைப்பே பசிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. உதவி வேண்டுவோர் தம் ஊரை விட்டுத் தொலைவிலுள்ள வேலைத்தலங்களுக்குச் சென்று, கல்லுடைத்தும் மண் சுமந்தும் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே. இவ்வளவு உணவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வன்மையாக எதிர்த்தார். அக்கூலி பின்னர் உயர்த்தப்பட்டது. எனினும் உழைக்க இயலாத அளவுக்கு மெலிந்தோர் தம் பசியை மெய்ப்பிக்கும் முன்னரே மாண்ட கொடுமை அக்காலத்தது.

இரண்டாம் உலகப் போர் இவ்வினாவை நகரங்களுக்குக் கொண்டுவந்தது. 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் வீழ்ந்தபின் பர்மா அரிசியின் வரத்து நின்றது. விலை ஏறிற்று. 1943 மே மாதத்தில் பம்பாய் நகரில் பங்கீடு தொடங்கிற்று. இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களிலெல்லாம் பங்கீடு வேண்டும் என்று அவ்வாண்டே சர் தியோடர் கிரெகரியின் குழு பரிந்துரைத்தது. வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையைப் பதிவு செய்து அட்டை பெறுவதும், குறிப்பிட்ட ஒரு கடையில் அளவான தானியம் வாங்குவதும் நகர வாழ்வின் வழக்கங்களாயின.

இம்முறையில் சான்றாக நின்றது உழைப்பன்று, முகவரி. அதன் குறையை வங்காளம் காட்டிற்று. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்க்கும் அலுவலர்க்கும் தானியம் கிடைக்க ஏற்பாடுகள் இருந்தன. கிராமங்களிலிருந்து சோறு தேடி அந்நகரத் தெருக்களை வந்தடைந்தோர்க்கோ அவ்வேற்பாடுகளில் இடமில்லை. பதினைந்து இலட்சம் மக்கள் மடிந்ததாக அரசின் விசாரணைக் குழுவே மதிப்பிட்டது. பிற்கால அறிஞர் பலர் அத்தொகை முப்பது இலட்சத்தை எட்டும் என்பர். 1944 ஜனவரி இறுதியில்தான் கல்கத்தாவில் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ஊரை விட்டு வந்தவன் ஊரிலும் இல்லை, நகரிலும் இல்லை என்னும் நிலை அன்றே வெளிப்பட்டது.

விடுதலைக்குப் பின் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன, மீண்டும் விதிக்கப்பட்டன. சென்னை மாநிலத்தில் 1952-இல் முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது அக்காலத்துப் பெருஞ்செய்தி. 1965 ஜனவரியில், சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, இந்திய உணவுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்தது நம் தஞ்சையிலேயே. தொடர்ந்து மழை பொய்த்தமையால், 1966-இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாடுகளிலிருந்து வரவேண்டியதாயிற்று. இவ்விடர்களிடையே நியாய விலைக் கடை நிலையானதோர் அமைப்பாக வேரூன்றியது.

1997 ஜூன் மாதத்தில் மூன்றாவது விடை பிறந்தது. வறுமைக் கோட்டிற்குக் கீழே உள்ளோர், மேலே உள்ளோர் எனக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. இனி வருவாயே சான்று. மகாராஷ்டிரத்தில் 1999 முதல் மஞ்சள், காவி, வெள்ளை என அட்டைகளே நிறத்தால் வேறுபட்டன. தமிழ்நாடோ இப்பிரிவினையை ஏலாது, அனைவர்க்குமான முறையையே தொடர்ந்தது. நாள் கூலிக்கு உழைப்பவர் வருவாய்ச் சான்று பெறுவது எளிதன்று. ஆகவே கோட்டிற்குக் கீழே இருக்க வேண்டிய ஏழையர் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றனர்.

2001-இல் களஞ்சியங்கள் நிரம்பி வழிய, வறண்ட பகுதிகளில் மக்கள் பட்டினி கிடந்த முரண்பாடு உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்காக வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, உணவுத் திட்டங்களைச் சலுகை என்னும் நிலையிலிருந்து உரிமை என்னும் நிலைக்கு உயர்த்தியது. 2013-ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுரிமையை எழுத்தில் வடித்தது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளொருவர்க்கு மாதம் ஐந்து கிலோவும், மிக வறிய அந்தியோதயக் குடும்பத்திற்கு முப்பத்தைந்து கிலோவும் தானியம் உண்டு. பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்ணே அட்டையில் குடும்பத் தலைவி. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றி வழங்கப்படலாயிற்று.

ஆயினும் முகவரிச் சிக்கல் தீரவில்லை. புதிய ஊரில் அட்டை வேண்டுமாயின், பழைய ஊரில் பெயர் நீக்கச் சான்று பெற்றுவர வேண்டும். வாடகைச் சீட்டு இல்லாதவர்க்குப் புதிய அட்டை இல்லை. பழையதை விட்டுவிட்டால் ஊரிலுள்ள முதியோர்க்குப் பங்கு இல்லை. இம்முடிச்சை அவிழ்க்க 2019 ஆகஸ்டில் தொடங்கியதே ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’த் திட்டம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் இதில் இணைந்தது. 2022 ஜூனில் அசாமும் சேர, நாடு முழுவதும் இது பரவிற்று. கைவிரல் பதிவு ஒத்திருந்தால் ஊரிலுள்ளோர் தம் பங்கை அங்கேயும், வெளியூரில் இருப்பவர் தம் பங்கை அவ்விடத்துக் கடையிலேயும் பெறலாம்.

இங்கே இரு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். இவ்வசதி மத்தியச் சட்டத்தின்கீழ் வரும் முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதய அட்டைக்கும் மட்டுமே உரியது. தமிழ்நாட்டின் முன்னுரிமையற்ற அட்டைக்கு ஊரில் அரிசி உண்டு, மாநில எல்லைக்கு வெளியே இல்லை. மாநில அரசு தன் செலவில் தரும் பருப்பும் எண்ணெயும் எந்த அட்டையோடும் எல்லை தாண்டுவதில்லை. அடுத்து, முன்னுரிமைப் பட்டியலுக்கு ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பு 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு வகுக்கப்பட்டது. எனவே புதிதாக விண்ணப்பிப்பவர் தகுதி உடையவராயினும், இடமின்மையால் காத்திருக்க நேர்கிறது. பட்டியலில் இடம்பெற்றவர்க்குத் தானியம் மறுக்கப்பட்டால் முறையிட, மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலரையும், மாநிலந்தோறும் உணவு ஆணையத்தையும் அச்சட்டமே அமைத்துள்ளது.

உழைப்பு, முகவரி, வருவாய், கைவிரல் பதிவு எனச் சான்றுகள் மாறி வந்தன. ஒவ்வொன்றும் சிலரை உள்ளே சேர்த்தது, சிலரை வெளியே நிறுத்தியது. வெளியே நின்றோருள் ஊர் மாறிய ஏழை எக்காலத்தும் இருந்தான். அவனுக்கு இன்று சட்டத்தில் ஓரிடம் கிடைத்திருக்கிறது. அவ்விடம் பட்டியலிலும் கடையிலும் கிடைக்கும்வரை இவ்வரலாறு நிறைவுற்றதாகக் கொள்வதற்கில்லை.