துளையே போடாத வேலைக்கு ஏன் 'பஞ்சிங்'னு பேர்?

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடைக்கு ஒரு படத்தைக் கொண்டுபோனா, தையல் கூலியோட 'பஞ்சிங்'னு தனியா ஒரு காசு சொல்வாங்க. திருப்பூர்ல பனியனுக்கு லோகோ போடுற யூனிட்லயும் இதே வார்த்தைதான். ஆனா அங்க யாரும் எதையும் துளை போடறதில்ல. ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி மவுஸோட உட்கார்ந்திருப்பார். "படம்தான் கையில இருக்கே, அப்புறம் எதுக்குக் காசு?"ன்னு நிறையப் பேர் கேக்குறாங்க. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சுமார் 200 வருஷக் கதைக்குள்ள இருக்கு.

1820களின் கடைசியில், பிரான்சின் மூலூஸ் நகரத்தில் ஜோசுவே ஹைல்மான் ஒரு எம்ப்ராய்டரி இயந்திரத்தை உருவாக்கினார். துணி ஒரு சட்டத்தில் செங்குத்தா நிக்கும். ஊசிகளுக்கு இரண்டு முனையும் கூர், காது நடுவில். இந்தப் பக்கத்து இடுக்கி ஊசியைத் துணிக்குள்ள தள்ளும், அந்தப் பக்கத்து இடுக்கி வாங்கிக்கும். டிசைன், ஆறு மடங்கு பெரிசாக்கின படமா பக்கத்துப் பலகையில் இருக்கும். ஓட்டுறவர் இடது கையால ஒரு கம்பி முனையை ஒவ்வொரு தையலுக்கும் அடுத்த புள்ளிக்கு நகர்த்துவார். அதுக்கு பான்டோகிராஃப்னு பேர். அந்த அசைவு ஆறில் ஒரு பங்கா குறைஞ்சு துணிச் சட்டம் நகரும்.

இந்த இயந்திரம் கிழக்கு சுவிட்சர்லாந்தில், செயின்ட் காலன் நகரத்தைச் சுத்தி வீடு வீடா பரவுச்சு. ஊசிகளுக்கு நூல் கோக்கிற வேலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போச்சு.

1863இல் ஐசக் க்ரோப்லி என்ற சுவிஸ்காரர், தையல் மெஷின் மாதிரி மேல்நூல், அடிநூல் இரண்டையும் வச்சு ஒரு இயந்திரம் செஞ்சார். அடிநூலைச் சுமக்குற நாடா படகு வடிவத்தில் இருந்ததால 'ஷிஃப்லி', அதாவது சின்னப் படகு, என்று பேர் வந்தது. நம்ம நெசவிலும் நாடாவுக்கு ஓடம்னு பேர் உண்டு, பாருங்க.

திருப்பம் 1898இல் வந்தது. க்ரோப்லியின் மகன் ஜோசப் அர்னால்ட் க்ரோப்லி, துளை போட்ட அட்டையைப் படிச்சுத் தானாவே ஓடுற ஷிஃப்லி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பான்டோகிராஃப் பிடிச்ச ஆளுக்கு அங்க வேலை இல்ல. ஆனா ஒவ்வொரு தையலும் எங்க விழணும்னு யாராவது முன்கூட்டியே முடிவு பண்ணி, அட்டையில் துளை போட்டாகணும். அந்த வேலைதான் பஞ்சிங். 1910 வாக்கில் உலக எம்ப்ராய்டரியில் பாதிக்கு மேல செயின்ட் காலன் பகுதியிலிருந்து வந்தது. அந்தப் பூக்களுக்கெல்லாம் பின்னாடி இந்தத் துளைக்காரங்க இருந்தாங்க.

பின்னால அட்டையோட இடத்துக்கு பேப்பர் டேப் வந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் மெல்கோ, ஆஸ்திரேலியாவின் வில்காம் நிறுவனங்கள் இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தன. துளை போச்சு, பேர் நின்னுடுச்சு.

பேர் மட்டும் இல்ல. இன்னைக்கு பென்டிரைவில் போற டி.எஸ்.டி. ஃபைல், ஜப்பானின் தஜிமா நிறுவனத்தோட டேப் காலத்து வடிவம். ஒரு தையலுக்கு மூணு பைட். நகர வேண்டிய தூரத்தை 1, 3, 9, 27, 81 என்ற எடைக்கற்கள் மாதிரி குறிக்கும். ஒரு அலகு 0.1 மில்லிமீட்டர். 5 அலகு வேணும்னா, தராசின் ஒரு தட்டில் 9, எதிர்த்தட்டில் 3ம் 1ம். ஐந்தையும் கூட்டினா 121. அதனாலதான் இந்த ஃபைலில் ஒரே எட்டில் 12.1 மில்லிமீட்டருக்கு மேல நகர முடியாது. இதில் நூலோட நிறமும் கிடையாது. 'இங்க நிறுத்தி நூல் மாத்து' என்று மட்டும்தான் இருக்கும். கடைக்காரர் ஃபைலைத் திறந்ததும் சிவப்பு ரோஜா பச்சையா தெரிஞ்சா பதறாதீங்க.

அதாவது அது படம் இல்ல, ஊசிக்குச் சொல்ற கட்டளை வரிசை. நூல் துணியை இழுக்கும். படத்தில் இருக்கிற வட்டத்தை அப்படியே தைச்சா முட்டை வடிவமா வரும். அதனால தையல் ஓடுற திசையில் கொஞ்சம் அகலமா போடணும். பனியன் துணி நீளும், அதனால முதல்ல அடித்தையல் போட்டுத் துணியை இறுக்கணும். தையலுக்குத் தையல் சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விடுவாங்க. ரொம்ப நெருக்கினா துணி சுருங்கும், நூல் அறும். எந்த நிறம் முதல்ல, எந்தத் திசையில் இதழ், எங்க நூலை வெட்டணும், எல்லாம் அந்த ஆள் முடிவு பண்றதுதான்.

இப்போ ஒரே பட்டனில் படத்தைத் தையலா மாத்துற மென்பொருள் வந்தாச்சு. எளிமையான லோகோவுக்கு அது உதவும். ஆனா அது போட்டுக் கொடுத்ததைத் திருத்த, நூல் எப்படி இழுக்கும்னு தெரிஞ்ச ஒரு ஆள் இன்னும் வேணும். 1898இல் கம்பி பிடிச்ச கையை இயந்திரம் விலக்கினப்போ, அந்தக் கைக்குத் தெரிஞ்சது துளை போடுறவரிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த தடவை பில்லில் பஞ்சிங்னு ஒரு வரி இருந்தா, நீங்க காசு கொடுக்கிறது அதுக்குத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.