வாவிக் கோட்டையும் மலைக் கணவாயும்

மட்டக்களப்புக் கோட்டை புளியந்தீவில் இருக்கிறது. இரு புறம் வாவி, இரு புறம் அகழி. கொரியாவின் முங்யோங் சேஜே ஒரு மலைக் கணவாய். நிலத்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இரண்டும் தலைநகருக்குப் போகும் வழியில் போட்ட பூட்டுகள்.

சேஜே பாதை சியோலையும் தென்கிழக்குக் கரையையும் இணைத்தது. 1592இல் ஜப்பானியப் படை பூசானில் இறங்கி வடக்கே ஏறியது. கொரியத் தளபதி ஷின் ரிப் கணவாயில் மறிக்கவில்லை. தன் குதிரைப்படையை நம்பிச் சுங்ஜு அருகே சமவெளியில் நின்றார். தோற்று, அங்கேயே மாண்டார். கணவாயின் மூன்று வாசல்களும் அதன் பிறகே எழுந்தன: நடு வாசல் 1594இல், மற்ற இரண்டும் 1708இல்.

மட்டக்களப்பில் கதை தலைகீழ். 1602இல் டச்சுக் கடற்தளபதி ஸ்பில்பெர்கன் இங்கே இறங்கி, விந்தனை (இன்றைய மகியங்கனைப் பகுதி) வழியாகக் கண்டி சென்று மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். கண்டிக்குப் போகும் அந்த வாசலை அடைக்கவே போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். கொரியாவில் அரசு தன் நாட்டைக் காக்கக் கட்டியது. இங்கே அந்நியர் கண்டி அரசனை மலைக்குள் அடைக்கக் கட்டினர். 1638 மே மாதம் கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனும் டச்சுத் தளபதி வெஸ்டர்வோல்டும் சேர்ந்து அதைப் பிடித்து, அங்கேயே உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். போர்த்துக்கேயரை விரட்ட அழைத்த டச்சுக்காரரே பிறகு கரையோரத்தைத் தமதாக்கிக்கொண்டனர். பூட்டு கைமாறியதே தவிரத் திறக்கவில்லை.

கல்லைவிட என்னை உறுத்துவது பாதைதான். சேஜேயில் முதல் வாசலிலிருந்து மூன்றாவது வரை ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர் இன்றும் மண் பாதை. வாகனம் இல்லை, பலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஏறுகிறார்கள். பதவி விலகும் ஆளுநர் புதியவரிடம் முத்திரையை ஒப்படைத்த மண்டபம் வழியோரம் நிற்கிறது. அரசுத் தேர்வுக்குப் போன மாணவர்கள் நடந்த வழியும் அதுவே. நடப்பவனுக்கு வரலாறு காலில் தட்டுப்படுகிறது.

நம் கோட்டை தப்பியது. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் நெடுங்காலம் அதற்குள் இயங்கியது. ஆனால் வாவியைக் கடந்து, படுவான்கரை வயல்களைத் தாண்டி மகியங்கனைக்கு ஏறிய பழைய வழியை நடப்பவர்க்குக் காட்ட ஒரு பலகைகூட நாம் நடவில்லை. பாதையின்றிப் பார்த்தால் கோட்டை வெறும் மதில். மட்டக்களப்பின் ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் பெரியவர்களிடம் கேட்டு, படுவான்கரையில் அந்த வழியின் முதல் சில மைல்களையாவது அடையாளமிட வேண்டும்.