கியாரொஸ்தாமியின் உலகப்புகழ்: ஒரு சமூகவரலாற்று நோக்கு

ஈரானிய நெறியாளர் அப்பாஸ் கியாரொஸ்தாமி (1940–2016) அடைந்த உலகப்புகழை மேற்குலக விமர்சகர் பலர் தனிமனித மேதைமையின் விளைவாகவே விளக்கியுள்ளனர். அவரது ஆற்றலை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் கலைஞனின் புகழும் வரலாற்றின் விளைபொருளே. அதனை உருவாக்கிய நிறுவனங்களை நோக்காதவிடத்து, அவரது படைப்புகளையும் நாம் பிழையாகவே விளங்கிக்கொள்வோம்.

முதலாவதாக, அவரது கலை சந்தைக்கு வெளியே தோன்றியதொன்று. ஷாவின் ஆட்சியிலே, அரசி ஃபராவின் ஆதரவுடன் 1965இல் தொடங்கப்பட்ட சிறார், இளைஞர் அறிவு வளர்ச்சி நிறுவனத்திலேயே அவர் தமது முதற் குறும்படமான 'ரொட்டியும் ஒழுங்கையும்' என்பதை 1970இல் ஆக்கினார். கொட்டகை வசூலை நம்பவேண்டியிராத அந்நிறுவனம், நட்சத்திரங்களும் பாடல்களுமற்ற எளிய கதைகூறலுக்கு இடமளித்தது. 1979ஆம் ஆண்டுப் புரட்சி முடியாட்சியை வீழ்த்திய பின்னரும் அது நிலைத்தது. 1983இல் நிறுவப்பட்ட ஃபராபி சினிமா நிறுவனம் அந்நியப் படங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதோடு, உள்நாட்டுப் படங்களை வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்புவதையும் தன் பணியாகக் கொண்டது. 'நண்பனின் வீடு எங்கே?' (1987) என்னும் படம் 1989இல் லொக்கார்னோ விழாவில் வெண்கலச் சிறுத்தை விருது பெற்றமை இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது.

இரண்டாவதாக, அவரை ஏற்றுக்கொண்ட விழாவுலகின் இரசனையும் ஆராயப்படவேண்டியது. 1997இல் கான் விழாவின் தங்கப்பனை விருதினை இமாமுராவின் படத்துடன் பகிர்ந்துகொண்ட 'செர்ரிப்பழத்தின் சுவை' இதற்குத் தக்க சான்றாகும். தற்கொலை செய்யத் துணிந்த ஒருவன், தன் குழியில் மண்ணிட ஒருவரைத் தேடிக் காரில் அலைகின்றான். இப்படம் வாழ்வு, மரணம் பற்றிய பொதுமையான தத்துவ விசாரமாகவே பெரிதும் பாராட்டப்பட்டது. ஆனால் படத்தின் தொடக்கத்திலேயே, கூலிவேலை தேடி நிற்போர் அக்காரைச் சூழ்ந்துகொள்கின்றனர். அவன் நாடுவோருள் ஒருவன் குர்திய இராணுவச் சிப்பாய். மற்றொருவன் ஆப்கானிய மதகல்வி மாணவன். இறுதியில் உடன்படும் முதியவரோ துருக்கிமொழி பேசும் அஸேரி இனத்தவர். நோயுற்ற பிள்ளைக்காகவே அவர் அப்பணத்தை ஏற்கின்றார். காரில் இருப்பவன் விலைபேசுகின்றான். வறியோரும் சிறுபான்மையினரும் புலம்பெயர்ந்தோரும் விலைபேசப்படுகின்றனர். மரணம் பற்றிய உரையாடலும் இங்கு கூலியுறவின் ஊடாகவே நிகழ்கின்றது. 'மானுடப் பொதுமை' என்ற பாராட்டு மறைத்துவிட்டது இவ்வுறவையே.

மூன்றாவதாக, புகழே பின்னர் உற்பத்தி நிலைமைகளை மாற்றியது. 'காற்று நம்மை ஏந்திச்செல்லும்' (1999) பிரெஞ்சு முதலீட்டுடன் உருவாயிற்று. 2010இலும் 2012இலும் வெளிவந்த கதைப்படங்கள் முறையே இத்தாலியிலும் ஜப்பானிலும் எடுக்கப்பட்டன. அரச நிறுவனத்தின் நிழலிலே வளர்ந்த கலைஞர் சர்வதேச மூலதனத்தின் நெறியாளரானார்.

இவற்றால் அவரது கலை சிறுமையடைவதில்லை. காரைச் சூழ்ந்து வேலை கேட்ட அம்மனிதரைக் கமெரா கண்டது. அவரைக் காணத் தவறியது விமர்சனமே. அவர்களை மீண்டும் படத்தின் மையத்திற்குக் கொணர்வதே முற்போக்கு விமர்சனத்தின் கடனெனக் கருதுகின்றோம்.