தாத்தா ஒரு நாளும் ஓட்டாத டிராக்டர்

இந்த எபிசோட்ல ராஜா இல்ல, கோட்டை இல்ல, கல்வெட்டும் இல்ல. எங்க வீட்டு டிராக்டரோட கதைதான் சொல்லப் போறேன்.

ஊர் காடாம்புலியூர். பண்ருட்டியில இருந்து வடலூர் போற ரோட்ல, நெய்வேலிக்கு முன்னாடி வரும். செம்மண் பூமி. முந்திரி, பலா, வேர்க்கடலை. கும்பகோணம் பஸ்ல போறப்ப ரோட்டோரம் பலாப்பழம் குவிச்சு வெச்சிருப்பாங்களே, அந்த ஏரியாதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னாடி கொட்டாயில கிடந்த மாஸி ஃபெர்குசன் 1035-ஐ பழைய இரும்புக்குப் போடறதுக்கு அப்பா விலை பேசி முடிச்சிருந்தார். 1982-ல வாங்கின வண்டி. எட்டு வருஷமா ஸ்டார்ட் ஆகலை. "வேணாம்பா, நாமளே சரி பண்ணலாம்"னு சொன்னேன். "லேப்டாப்பைத் தவிர உனக்கு என்னடா கழட்டத் தெரியும்?"னு கேட்டார். நியாயமான கேள்விதான்.

பிரிட்டன்ல, அமெரிக்காவுல எல்லாம் இது குடும்பமா சேர்ந்து செய்ற ஒரு ஹாபி. பழைய டிராக்டரைத் தேடி வாங்கி, நட்டு நட்டாகக் கழட்டி, ஃபேக்டரியில இருந்து வந்த அதே நிறத்துக்குக் கொண்டு வருவாங்க. உழவுப் போட்டிகள்ல பழைய வண்டிக்குத் தனிப் பிரிவே உண்டு. நம்ம ஊர்ல டிராக்டர் ஓய்வு பெறாது. உழவுக்கு ஆகாதுன்னா தண்ணி டேங்க் இழுக்கும். அதுக்கும் ஆகாதுன்னா இரும்புக் கடை.

சரி, இந்த வண்டியில அப்படி என்ன இருக்கு? ஹாரி ஃபெர்குசன்னு ஒருத்தர். இன்னிக்கு வடக்கு அயர்லாந்துன்னு சொல்ற பகுதியில பிறந்த மெக்கானிக். அவருக்கு முன்னாடி வரைக்கும், கலப்பையை டிராக்டருக்குப் பின்னாடி சும்மா கட்டி இழுப்பாங்க. கலப்பை ஏதாவது ஒரு வேர்ல மாட்டிக்கிச்சுன்னா, எஞ்சின் விடாம இழுக்கும், முன் சக்கரம் மேல எழும்பும், வண்டி அப்படியே பின்னாடி கவிழும். ஓட்டுறவர் அடியில மாட்டிக்குவார். அப்படிப் பல பேர் செத்திருக்காங்க.

ஃபெர்குசன் கலப்பையை மூணு இடத்துல டிராக்டரோட சேர்த்தார். கீழ ரெண்டு கை, மேல ஒரு கை. கலப்பை மண்ணுக்குள்ள இழுபடும்போது மேல் கை வண்டியை முன்னோக்கி அழுத்தும், அதனால முன் சக்கரம் தரையை விட்டு எழும்பாது. அந்த அழுத்தம் ஒரு ஸ்பிரிங் மேல விழும். மண் இறுகலா இருந்து அழுத்தம் கூடினா, ஹைட்ராலிக் வால்வு கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். குறைஞ்சா மறுபடி இறக்கிவிடும். எங்க பாஷையில சொன்னா இது ஒரு ஃபீட்பேக் லூப். சிப்பு கிடையாது, கோடு கிடையாது. ஸ்பிரிங்கும் ஆயிலும்தான். முந்திரி வேர் ஓடுற நிலத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

1938-ல அவர் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டுக்கு ஓட்டிக் காட்டினார். ரெண்டு பேரும் பத்திரம் எதுவும் எழுதலை, கைகுலுக்கினாங்க, அவ்வளவுதான். 1939-ல வண்டி வந்துச்சு. பின்னாடி ஃபோர்டோட பேரன் பொறுப்புக்கு வந்ததும் அந்த உறவு முறிஞ்சு கோர்ட்டுக்குப் போச்சு. 1952-ல 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடிச்சாங்க. அதுக்குள்ள ஃபெர்குசன் இங்கிலாந்துல கோவென்ட்ரியில தன் பேர்லயே டிராக்டர் போட ஆரம்பிச்சிருந்தார். 1946-ல இருந்து 1956 வரைக்கும் 5 லட்சம் வண்டிக்கு மேல வெளிய வந்துச்சு. 1958 ஜனவரி 4-ம் தேதி எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த டிராக்டர்லதான். நடுவுல 1953-ல கனடாவோட மாஸி ஹாரிஸ் கம்பெனியும் ஃபெர்குசனும் ஒண்ணாச்சு. மாஸி ஃபெர்குசன்ங்கிற பேர் அப்படி வந்ததுதான்.

இந்தியாவுக்கு வருவோம். 1949-ல உலக வங்கி நமக்குக் கொடுத்த ரெண்டாவது கடனே விவசாய இயந்திரங்களுக்குத்தான், 1 கோடி டாலர். மத்திய இந்தியாவுல நாணல் மாதிரி ஒரு புல் மண்டி நிலமே பாழாக் கிடந்துச்சு. அதை வேரோட புரட்டி எடுக்க பெரிய டிராக்டர் வேணும். அப்போ எல்லாமே இறக்குமதி. 1959-ல ஃபரிதாபாத்துல ஐஷர் டிராக்டர் வந்துச்சு. 1960-ல மெட்ராஸ்ல, அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி ஃபெர்குசனோட கூட்டு சேர்ந்து டாஃபே கம்பெனியை ஆரம்பிச்சது. எஞ்சின் அதே குழுமத்தோட சிம்ப்சன் கம்பெனியில இருந்து. அயர்லாந்துக்காரர் யோசனை இப்படித்தான் செம்பியம் வழியா காடாம்புலியூருக்கு வந்து சேர்ந்துச்சு.

தாத்தா நிலத்தை அடமானம் வெச்சு நிலவள வங்கியில கடன் வாங்கித்தான் வண்டி எடுத்தார். ஆர்.சி. புக்குல இன்னும் தென்னாற்காடு மாவட்டம்னுதான் இருக்கு. கடலூர் தனி மாவட்டம் ஆனது 1993-லதான். முன்பணத்துக்காக ரெண்டு சோடி உழவு மாட்டை வித்தார். எங்க ஆயாவுக்கு டிராக்டர் வந்த தேதி ஞாபகம் இல்ல. மாடு நாலோட பேரும் ஞாபகம் இருக்கு.

நான் கேட்காம விட்ட கேள்வி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு சோடி மாடுன்னா ஏர் ஓட்ட ரெண்டு ஆளு இருந்திருப்பாங்களே, அவங்க என்ன ஆனாங்க?

ஒருத்தர் டிராக்டர் ஓட்டக் கத்துக்கிட்டார். தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாது. முப்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டினது அவர்தான். பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டதால டிரைவர் தாத்தான்னே சொல்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், காலனியில இருக்கார். எங்க அப்பாவைவிடப் பத்து வயசு மூத்தவர். அப்பா அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். எங்க கொட்டாய் வரைக்கும் அவர் வந்து பார்த்திருக்கேன். வீட்டுக்குள்ள வந்து பார்த்ததில்ல. இதையும் இந்த வரலாறோட சேர்த்துத்தான் சொல்லணும்.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தப்ப, எங்க பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சது. தாத்தாவோட தாத்தா வெச்ச மரமெல்லாம் போச்சு. ஊர்ப் பாதையில கிடந்த மரங்களைச் சங்கிலி கட்டி இழுத்து வழி விட்டது இந்த வண்டி. ஓட்டினவர் அவர்.

அதனால வேலையை அவர்கிட்ட கேட்டுத்தான் ஆரம்பிச்சோம். எஞ்சின் ஜாம் ஆகியிருந்துச்சு. இன்ஜெக்டரைக் கழட்டி, மூணு சிலிண்டர்லயும் டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி, பத்து நாள் ஊறவிட்டோம். அப்புறம் கியர் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். நாலாவது நாள் அசைஞ்சது. லைனர், பிஸ்டன், ரிங்கு எல்லாம் புதுசு. டீசல் பம்பைப் பட்டறையில கொடுத்து வாங்கினோம்.

லிஃப்ட் பகுதியைக் கழட்டினது நான். மேல் கைக்குப் பின்னாடி இருக்கிற ஸ்பிரிங்குல, யாரோ தகர டப்பாவை வெட்டி ஒரு வாஷர் செஞ்சு வெச்சிருந்தாங்க. ஒரிஜினல் இல்லியேன்னு எடுத்துப் போட்டுட்டேன். கலப்பை மாட்டி ஓட்டிப் பார்த்தா, லிஃப்ட் நிலைக்காம மேலயும் கீழயும் துள்ளுது. டிரைவர் தாத்தா தூரத்துல நின்னு சத்தத்தைக் கேட்டுட்டே சொன்னார்: "அந்தத் தகட்டை ஏன் தம்பி எடுத்த? ஸ்பிரிங்கு தேஞ்சு போயி ஆட்டம் கொடுத்துச்சு. அதுக்குத்தான் நான் வெச்சேன்."

ஆபீஸ்ல பழைய கோடுல புரியாத ஒரு வரியை அழிச்சுட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வாங்கினவங்களுக்கு அப்போ என் முகம் எப்படி இருந்திருக்கும்னு தெரியும்.

கடைசியா பெயின்ட். பானெட்டுக்குச் சிவப்பு, எஞ்சினுக்குச் சாம்பல் நிறம். வலது பக்க மட்கார்டுல மட்டும் பிரச்சனை. அதுல டிரைவர் தாத்தா தன் மகள் பேரை மஞ்சள் பெயின்ட்ல எழுதி வெச்சிருந்தார். அவங்க பிறந்த வருஷம் எழுதினது. எங்க தாத்தா அப்போ திட்டினாராம், ஆனா அழிக்கச் சொல்லலையாம். ஃபேக்டரி நிறத்துக்குக் கொண்டு வரணும்னா அந்தப் பேர் போகணும்.

அமெரிக்காவுல பழைய டிராக்டர் சேர்க்கிறவங்க, பெயின்ட் அடிக்காம விட்ட வண்டியை 'வேலை உடுப்புல இருக்கு'ன்னு சொல்வாங்க. நான் அப்பாகிட்ட அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மட்கார்டைப் பார்த்துட்டு, "இருக்கட்டும், அது அப்படியே இருக்கட்டும்"னு சொன்னார்.

அன்னிக்கு சாயங்காலம்தான் அந்த ரெண்டாவது ஆளைப் பத்திக் கேட்டேன். எங்க வீட்டுல யாருக்கும் அவர் பேர் தெரியலை, ஆயாவுக்குக்கூட. டிரைவர் தாத்தா யோசிக்கவே இல்ல, டக்குனு சொன்னார். மாடு வித்த அடுத்த மாசமே நெய்வேலிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போயிட்டாராம். ஊர்ப் பக்கம் வந்தா அவர் வீட்டுலதான் தங்குவாராம். இறந்து பன்னெண்டு வருஷம் ஆச்சாம். அந்தப் பேரை அப்பா ஆர்.சி. புக்கு இருக்கிற ஃபைல்ல ஒரு பேப்பர்ல எழுதி வெச்சார். நான் சொல்லி அவர் எழுதலை.

வண்டி இப்போ ஓடுது. ரெண்டாவது இழுப்புல ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் புகை தள்ளும். உங்க ஊர்லயும் இப்படி ஒரு பழைய டிராக்டர் எங்கயாவது கிடக்கும். மாடல் என்ன, வருஷம் என்னன்னு நெட்ல பார்த்துக்கலாம். அதை ஓட்டினது யாருன்னு ஊர்லதான் கேட்கணும். கேட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.