செய்து முடிக்கும் கலை

மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரியும் எனக்கு நெடுநாளாக ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் ‘பிளான்’ என்று எழுதியிருப்பதையும், ‘பிராஜெக்ட்’ என்று எழுதியிருப்பதையும் தமிழில் ‘திட்டம்’ என்ற ஒரே சொல்லால்தான் பெயர்க்கிறோம். 1951-ல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டமும் திட்டம். அதன் கீழ் எழுந்த அணையும் ஆலையும் திட்டங்களே. முன்னது எண்ணியது, பின்னது குறித்த காலத்தில், குறித்த செலவில், பலரைக் கொண்டு செய்து முடிக்க வேண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை நம் சொல் மறைத்துவிடுகிறது. அத்தொலைவைக் கடக்கும் வித்தைக்கே திட்ட நிர்வாகம் என்று பெயர்.

இவ்வித்தையைப் பல்கலைக்கழக வகுப்பில் கற்பிக்க இயலுமா? கொத்தனாரும் மேஸ்திரியும் அனுபவத்தால் அறிவதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியுமா? இவ்வினாவுக்கு விடை தேட வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தமிழர் பெருந்தொகையாக வாழும் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளின் வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

முதலில் மாட்டுங்காவைக் காண்போம். 1887-ல் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டுமென்று விக்டோரியா ஜூபிலித் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. 1923-ல் அது மாட்டுங்காவுக்குக் குடியேறிற்று. இன்று அதன் பெயர் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம். அங்கே படிப்பென்பது புத்தகத்தோடு நிற்கவில்லை. பட்டறையில் நின்று கையால் செய்து பழகுவதும் அதில் அடங்கியிருந்தது. ஆனால் அக்காலத்து மாணவன் கற்றது ஓர் இயந்திரத்தை நடத்தும் முறையேயாகும். நூறு வேலைகளை ஒன்றோடொன்று பொருத்தி நடத்தும் முறை தனிப் பாடமாக அன்று எங்குமே உருவாகியிருக்கவில்லை.

அத்தகைய வேலைகள் செம்பூரை அடுத்த டிராம்பேயில் வந்து சேர்ந்தன. 1954-லும் 1955-லும் இரண்டு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அங்கே இயங்கத் தொடங்கின. அதே வேளையில் டாக்டர் ஹோமி பாபாவின் தலைமையில் அணு உலை ஒன்றை அமைக்க 1955 மார்ச்சில் முடிவாயிற்று. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வரவேண்டும். உலையின் பிற பகுதிகளும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இங்கேயே உருவாக வேண்டும். கட்டடமும் நீர்த்தொட்டியும் எழ வேண்டும். இவற்றுள் ஒன்று பிந்தினாலும் மற்றவை காத்துக் கிடக்கும். ஆயினும் 1956 ஆகஸ்டு 4-ஆம் தேதியன்று அப்ஸரா உலை இயங்கத் தொடங்கிற்று. முடிவெடுத்த நாளிலிருந்து ஏறக்குறைய பதினேழு மாதங்கள்! மறு ஆண்டே பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சியளிக்கும் பள்ளியொன்றும் டிராம்பே நிலையத்தில் தோன்றிற்று. வேலையைச் செய்தவர்களே அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர்களானார்கள்.

வேலைகளின் ஒழுங்கைக் கணக்காக்கும் புதிய முறைகள் அமெரிக்காவில் உருவானது அப்ஸரா இயங்கத் தொடங்கிய பின்னரே. 1957-ல் டூபாண்ட் இரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து ‘கிரிடிகல் பாத்’ என்னும் முறையை வகுத்தனர். இதனை ‘நெருக்கடிப் பாதை’ எனலாம். 1958-ல் போலாரிஸ் ஏவுகணைப் பணிக்காக அமெரிக்கக் கடற்படை ‘பெர்ட்’ என்னும் முறையைக் கண்டது.

நெருக்கடிப் பாதை என்பது யாது? ஒரு சிறு பள்ளிக்கூடம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அடித்தளத்துக்கு 10 நாள், சுவருக்கு 20 நாள், கூரைக்கு 15 நாள், பூச்சுக்கு 10 நாள். ஆக 55 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க முடியும். கதவு சன்னல்களைத் தச்சர் தம் பட்டறையில் 18 நாளில் செய்துவிடுவார். பூச்சு முடியும் நாளில் அவை வந்தால் போதும். ஆகவே தச்சருக்கு 37 நாள் அவகாசம் உண்டு. கொத்தனாருக்கோ ஒரு நாளும் இல்லை. அவர் ஒரு நாள் நின்றால் பள்ளி திறப்பது ஒரு நாள் தள்ளிப்போகும். தச்சரை எவ்வளவு விரட்டினாலும் ஒரு நாளும் மிச்சமாகாது. இது தெரியாதவர் எல்லோரையும் விரட்டுவார். தெரிந்தவர் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பார்.

பெர்ட் முறை இன்னொரு படி மேலே சென்றது. ஒரு வேலைக்கு இத்தனை நாள் என்று உறுதியாகச் சொல்ல இயலாதபோது மூன்று மதிப்பீடுகளைக் கேட்பது அதன் வழக்கம். விரைந்தால் 10 நாள், வழக்கத்தில் 12 நாள், தடங்கல் நேர்ந்தால் 20 நாள் என்போம். வழக்கமான மதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 13 நாள் என்ற விடை கிடைக்கும். தடங்கலையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பணிவு இம்முறையில் இருக்கிறது.

இத்தகைய முறைகளைக் கற்பிக்கும் நிலையங்கள் பம்பாயில் அடுத்தடுத்துத் தோன்றின. 1958-ல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பின்னர் பவாயில் நிலைகொண்டது. 1963-ல் அதே வட்டாரத்தில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் உதவியோடு ‘நிட்டீ’ எனப்படும் தேசியத் தொழிற்பொறியியல் பயிற்சிக் கழகம் அமைந்தது. 2023-ல் அது இந்திய மேலாண்மைக் கழகங்களுள் ஒன்றாயிற்று. 1965-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் துணையுடன் ஜம்னாலால் பஜாஜ் நிர்வாகவியல் நிலையத்தைத் தொடங்கிற்று. இவற்றுள் நிட்டீயின் தொடக்ககாலம் கருதத்தக்கது. அது முதலில் நாடியது ஆலைகளில் ஏற்கெனவே பணியாற்றி வந்தவர்களையேயாகும். தொல்லையை நேரில் பட்டவனுக்கே முறையின் அருமை விளங்கும் என்பது இதன் உட்பொருள்.

என் சொந்த அனுபவமும் அதுதான். ஒரு கையேட்டைப் பத்து நாளில் மொழிபெயர்த்துத் தரவேண்டுமென ஓர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இரவும் விழித்து முடித்துக் கொடுத்தேன். அச்சுக்கு அனுப்ப வேண்டிய ஒரு கையெழுத்துக்காக அது ஐந்து மாதம் காத்திருந்தது. நெருக்கடிப் பாதை என் மேசையின் வழியே செல்லவில்லை என்பதை அன்று அறிந்தேன்.

ஆனால் வேலைகளை வரிசைப்படுத்துவது மட்டும் திட்டமாகுமா? இக்கேள்விக்கு விடை தந்ததும் செம்பூர் வட்டாரமே. 1936-ல் நாக்பாடாவில் சமூகப்பணிப் பள்ளியாகத் தோன்றி, 1954-ல் செம்பூரை அடுத்த தேவ்நாருக்கு வந்தது டாட்டா சமூக அறிவியல் கழகம். அதன் முதல் இயக்குநரான கிளிஃபர்ட் மான்ஷார்ட், நாக்பாடாவில் ஏழைத் தொழிலாளர் நடுவே சேவை இல்லம் நடத்தியவர். ஆகவே களப்பணியும் அங்கே பாடத்தின் பகுதியாயிற்று. மாணவர் வீடு வீடாகச் சென்று, மக்கள் என்ன செய்கிறார்கள், எதை இழக்க அஞ்சுகிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். 1964-ல் இக்கழகம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. டிராம்பே காலத்தையும் பொருளையும் கணக்கிடக் கற்றுத் தந்தது. தேவ்நார் மனிதரைக் கணக்கில் சேர்க்கக் கற்றுத் தந்தது. இடையே சில கல் தொலைவுதான். ஆயினும் இரு கல்வியும் தனித்தனியே வளர்ந்தன.

இவை பிரிந்து நிற்பதன் விளைவைத் தாராவியில் காணலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோல் பதனிடும் தொழிலை அங்கே நிலைநிறுத்தினர். பதனிடும் சாலைகள் பெரும்பாலும் வெளியேறிவிட்ட பின்னரும் தோல்பை செய்யும் பட்டறைகள் நிலைத்திருக்கின்றன. தோலை வெட்டுபவர் ஒரு சந்தில், தைப்பவர் மற்றொரு சந்தில், மெருகேற்றுபவர் வேறோரிடத்தில் இருப்பர். எவரிடம் பண்டம் தேங்குகிறது என்பது வேலை கொடுத்தவருக்கு மனப்பாடம். நெருக்கடிப் பாதை என்ற பெயரைக் கேட்டிராதவர்கள் அதன் மீதே தினமும் நடக்கிறார்கள்.

இத்தாராவியை மாற்றியமைக்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2004-ல் அறிவித்தது. ஏலங்கள் மீண்டும் மீண்டும் கைவிடப்பட்டு, 2022-ல்தான் புதிய ஏலம் முடிவாயிற்று. வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஊரில், வீட்டுக்கு மாற்று வீடு கொடுத்தால் பட்டறை எங்கே போகும்? 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்குப் பின் குடியேறியவரின் கதி என்ன? மாடியில் வாழ்பவருக்கு எங்கே இடம்? இக்கேள்விகளைக் கடைசியில் கவனிக்கலாம் என்று ஒதுக்கினால், அவையே நெருக்கடிப் பாதையாகிவிடும். மக்களின் இசைவும் அடித்தளத்தைப் போன்றது. அதைக் கூரைக்குப் பின் கட்ட முடியாது.

ஆகவே, திட்ட நிர்வாகத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க இயலுமா என்ற வினாவுக்கு மும்பை தரும் விடை, இயலும் என்பதே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வலைப்படம் வரையக் கற்ற மாணவன் ஒரு பருவமாவது தாராவிப் பட்டறையில் அமர்ந்து வேலை நகரும் விதத்தைக் காணவேண்டும். களப்பணி பழகிய மாணவனும் நாள்களைக் கூட்டிக் கணக்கிடக் கற்க வேண்டும். மாட்டுங்காவின் பட்டறையும், டிராம்பேயின் கணக்கும், தேவ்நாரின் செவியும் ஒருவரிடத்தே சேரும்போது, எண்ணியதும் முடித்ததும் ஒன்றாகும். அன்று ‘திட்டம்’ என்ற நம் ஒற்றைச் சொல் இரண்டுக்கும் பொருந்தும். என் சங்கடமும் தீரும்.